'டெப்ரிகேட்டட்': தவிர்குறி என்று சொல்லலாமா?

நிரலின் ஒரு பகுதி இன்னும் ஓடும், ஆனால் இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவித்திருந்தால் அதை ஆங்கிலத்தில் 'டெப்ரிகேட்டட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'வழக்கொழிந்த' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜாவா நிரல்மொழியின் செக்யூரிட்டி மேனேஜர் வகுப்பை (கிளாஸ், நிரலின் ஒரு கட்டுமான அலகு) வைத்தே காரணம் சொல்கிறேன். இணையத்திலிருந்து இறங்கி உலாவிக்குள் ஓடும் ஆப்லெட்டுகள் என்ற சிறு நிரல்கள் நம் கோப்புகளில் கைவைக்காமல் காவல் காக்க, 1996-இல் முதல் பதிப்பிலேயே வந்த வகுப்பு அது. உலாவிகள் ஆப்லெட்டைக் கைவிட்டதும் காவலுக்கு வேலை குறைந்துவிட்டது, ஆனாலும் ஜாவாவோடு வரும் நிரல் நூலகத்தில் புதிதாக எதைச் சேர்த்தாலும் இதன் அனுமதிச் சோதனைகளையும் யோசித்தே எழுத வேண்டியிருந்தது. 2021-இல் ஜாவா 17 வந்தபோது டெப்ரிகேட் செய்தார்கள். அன்றைக்கு அது வழக்கொழிந்தா போயிருந்தது? உள்ளே ஓடும் நிரல் 'சிஸ்டம்.எக்ஸிட்' கூப்பிட்டு மொத்தத்தையும் நிறுத்திவிடாமல் தடுக்கச் சில பில்ட் கருவிகள் (நிரலைத் தொகுத்துக் கட்டித்தரும் கருவிகள்) இதைத்தானே நம்பியிருந்தன!

'நீக்கப்பட்ட' என்பது இன்னும் மோசம். அப்படி மொழிபெயர்த்திருந்த ஒரு எச்சரிக்கையைப் படித்த மாணவி, "நீக்கிவிட்டார்கள் என்றால் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. 'தேய்மானம்' என்பது இதை 'டெப்ரிஷியேட்டட்' என்று தவறாகப் படித்ததால் வந்தது, அது கணக்கு ஏட்டுக்கு உரியது.

பழைய பள்ளிக் கட்டடச் சுவரில் 'பழுதடைந்த கட்டடம், உள்ளே செல்லாதீர்' என்று எழுதியிருப்பார்களே, அதுதான் இது. கட்டடம் நிற்கிறது, கதவும் திறக்கிறது, இடிப்பது வேறொரு நாள். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரிலும் 'வேண்டாம் என்று மன்றாடுதல்' என்ற பொருள்தான் இருக்கிறது. அதனால் என் பரிந்துரை 'தவிர்குறி'. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, அதனால் நடுவில் க் மிகாது. ஜாவாவில் இது உண்மையிலேயே நிரலில் இடும் ஒரு குறி என்பதால் இன்னும் பொருந்துகிறது: தவிர்குறி இட்டார்கள், தவிர்குறி பெற்ற வகுப்பு.

அடுத்த படிகளுக்கும் தனிச்சொல் வேண்டும். ஜாவா 9 முதல், பின்னால் எடுத்துவிடப் போகிறோம் என்பதையும் அந்தக் குறியிலேயே சொல்ல முடிகிறது, அதற்கு 'நீக்க முன்குறி' சரியாக வரும். செக்யூரிட்டி மேனேஜருக்கு 17-இல் இட்டது இந்த வகைதான். 2025-இல் ஜாவா 24 அதை நிரந்தரமாக முடக்கியது, இயக்க முயன்றால் பிழைதான் வரும், ஆனால் அப்போதும் வகுப்பு நூலகத்தில் இருந்தது. ஆக அது 'முடக்கம்', நீக்கம் அன்று. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் எந்தப் பதிப்பில் எது உடையும் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

அப்புறம், 'திரும்பி வந்தால் என்ன சொல்வது?' என்ற கேள்விக்கு: இயங்குதளத்தின் சூழல் மாறிகளைப் படிக்கும் ஜாவா கட்டளையான 'சிஸ்டம்.கெட்என்வ்' அப்படித்தான் ஒதுக்கப்பட்டு, 2004-இல் ஜாவா 5-இல் மறுபடி பயன்பாட்டுக்கு வந்தது. வழக்கொழிந்தது மீண்டும் வழக்குக்கு வந்தது என்று சுற்றி வளைக்க வேண்டாம், தவிர்குறியை எடுத்துவிட்டார்கள் என்றால் போதும்.