புதுப்பிப்பு: தம்பியின் மஞ்சள் காமாலையும் பத்தியமும்

தம்பிக்கு மஞ்சள் காமாலை, என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) என்று வந்தது; அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவுவது. இப்போது ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறப் பொருள்) இறங்கிவிட்டது, கண்ணும் தெளிந்து வருகிறது.

உப்பில்லாத கஞ்சி மட்டும்தான் என்றார் பாட்டி. டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. குமட்டல் இருந்தவரை இட்லி, இடியாப்பம், மோர் எனக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பசி திரும்பியதும் பருப்பு, முட்டையும் சேர்த்தோம். உடம்பு தேற அதுவும் வேண்டுமே! மது கூடவே கூடாது. பாராசிட்டமாலோ கீழாநெல்லியோ, எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பேச்சில் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ரத்தக்கசிவு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வீட்டில் எல்லோரும் கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்கிறோம். மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி அடுத்த முறை டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.