லெகோ கட்டை ஒண்ணுக்கு என்ன விலை வைக்கிறது? அவசரம்

பூன்லேவாசி:
4 கிலோ லெகோ இருக்கு, தனித்தனியா விக்கணும். லெகோ வாங்கி விக்கிற தளம் பிரிக்லிங்க்ல ஒரே சாம்பல் நிற 2×4 கட்டைக்கு (2 வரிசை, வரிசைக்கு 4 குமிழ்) 10 காசும் இருக்கு, 2 சிங்கப்பூர் வெள்ளியும் இருக்கு. எதை எடுத்துக்கிறது? சனிக்கிழமை ஆள் பார்க்க வர்றார்.

ஈசூன்மணி:
எந்தச் சாம்பல்? புதுசா, விளையாடினதா? அடியில இருக்கிற கட்டை வகை எண் என்ன? ஜன்னல் ஓரமா வெள்ளைத் தாள் மேல வச்சுப் படம் எடுத்துப் போடுங்க. மஞ்சள் விளக்குல எடுத்தா நிறம் ஏமாத்தும்.

நிறம்பார்:
நிறத்துலதான் விஷயமே இருக்கு. 2004 வாக்குல லெகோ சாம்பலை மாத்திட்டாங்க. பழையதுல லேசா மஞ்சள் சாயல், புதுசுல நீலச் சாயல். இளஞ்சாம்பல், கருஞ்சாம்பல் ரெண்டுக்குமே இப்படித்தான். பிரிக்லிங்க்ல இது தனித்தனி நிறம், தனித்தனி விலை. ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் வித்தியாசம் தெரியும்.

கட்டைக்காரன்:
இங்க எத்தனை தடவை சொல்லியாச்சு, பழைய இழையைப் படிச்சுட்டு வரக்கூடாதா? நீங்க பார்த்த 2 வெள்ளி ஒருத்தர் கேக்குற விலை. அந்த விலைக்கு யாரும் வாங்கினதா அர்த்தமில்ல. பிரிக்லிங்க் விலை வழிகாட்டியில கடந்த 6 மாசத்துல வித்த பக்கத்தைப் பாருங்க. அங்கேயும் ரெண்டு சராசரி இருக்கும். 99 கட்டை 10 காசுக்கும் 1 கட்டை 2 வெள்ளிக்கும் ரெண்டு விற்பனையில போயிருந்தா, சாதாரண சராசரி 1.05 வெள்ளி. எண்ணிக்கையைச் சேர்த்த சராசரி 12 காசுதான். ரெண்டாவதை எடுத்துக்குங்க.

செங்காங்அக்கா:
தம்பி, 4 கிலோவையும் ஒவ்வொண்ணா விலை பார்த்தா சனிக்கிழமைக்குள்ள முடியாது. 2×4 ஒண்ணு 2.3 கிராம், கிலோவுக்கு 430 கட்டை கிட்ட வரும். சாதாரண சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் எடைக்கே போகட்டும். முதல்ல மினிஃபிக்கை, அதான் குட்டி மனுஷ பொம்மைகளை, ஒதுக்குங்க. கைக்குக் கீழே, உடம்போட ரெண்டு பக்கமும் மயிரிழை விரிசல் வரும், டார்ச் அடிச்சுப் பாருங்க. விரிசல் இருந்தாலோ மேல அச்சடிச்ச படம் தேய்ஞ்சிருந்தாலோ விலை நல்லா இறங்கிடும். அப்புறம் பழுப்பு, அடர்சிவப்புக் கட்டை. அந்த நிறங்கள்ல சில வருஷத்துச் சரக்கு கழட்டும்போதே உடையும், பலமா இழுக்காதீங்க.

பூன்லேவாசி:
அடியில 3001. விளையாடினது. வெள்ளைக் கட்டை சிலது மஞ்சளாயிருக்கு. கொதிதண்ணியில போடலாமா?

ஈசூன்மணி:
வேண்டவே வேண்டாம்! 40 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு லெகோவே சொல்லுது. கொதிதண்ணியில வளைஞ்சுடும், அப்புறம் பிடிப்பு இருக்காது. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு போதும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியுற பிளாஸ்டிக் கட்டைகளைத் தனியாக் கழுவுங்க, மத்ததோட உரசினாக் கீறல் விழும். நல்லாக் காயவச்சுட்டு மூடுங்க, நம்ம ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் நாறும்.

நிறம்பார்:
மஞ்சளுக்கு மருந்துக்கடை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டு முக்கி, மேல மிதக்காம அழுத்தி வச்சு வெயில்ல விடுங்க. ஸ்டிக்கர் ஒட்டினது மட்டும் வேண்டாம்.

கட்டைக்காரன்:
வெளுத்ததை அப்படியே விக்கிறது ஏமாத்து வேலை. கொஞ்ச நாள்ல மஞ்சள் திரும்பி வரும்.

நிறம்பார்:
வெளுத்தா அது போலியா? கட்டை அதே கட்டைதானே. அழுக்குப் போகக் கழுவினதை எல்லாரும் எழுதிட்டா விக்கிறாங்க?

கட்டைக்காரன்:
அழுக்கு மேல ஒட்டினது. மஞ்சள்ங்கிறது பிளாஸ்டிக்கே மாறினது. ரெண்டும் ஒண்ணில்ல.

செங்காங்அக்கா:
ரெண்டு பேரும் விடுங்கப்பா. தளத்துல புதுசு, பழசுன்னு ரெண்டே வகைதான். வெளுத்ததைக் குறிப்பு இடத்துல ஒரு வரி எழுதிட்டா வாங்குறவர் தெரிஞ்சே வாங்குவார், திருப்பி அனுப்புற பேச்சும் வராது.

நிறம்பார்:
எழுதினா யாரும் தொடமாட்டாங்க அக்கா.

கட்டைக்காரன்:
அப்போ அதுதான் அதோட சரியான விலை.

பூன்லேவாசி:
மினிஃபிக் 17 தனியா எடுத்தாச்சு, 3ல விரிசல். மிச்சம் எல்லாம் எடைக்குப் போயிடுச்சு. நன்றி.

ஈசூன்மணி:
சாம்பலைப் பிரிச்சீங்களா, அதுவும் அதோடயே போயிடுச்சா?