கிணற்றடிக்குப் பின்னால் இரண்டு பரப்பு: பார்த்துக்கொண்டிருக்க ஒரு தோட்டம் வேண்டும்

கேட்டவர்: வடலி (கோண்டாவில்)

வணக்கம். எங்கள் வீட்டில் கிணற்றடி தாண்டி இரண்டு பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. மரக்கறித் தோட்டம் போடச் சொல்லாதீர்கள். அது அம்மாவின் இலாகா, கிழக்குப் பக்கம் ஏற்கெனவே கத்தரியும் பயிற்றையும் நிற்கின்றன. எனக்கு வேண்டியது, பின்னேரம் வேலையால் வந்து தேத்தண்ணியோடு இருக்க வடிவான ஓர் இடம்.

போன வருடம் தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்ற ஒருவரைப் பிடித்தேன். கொம்பியூட்டரில் படம் காட்டினார்: புல்தரை, நடுவில் நீரூற்று, வெள்ளைக் கூழாங்கல், சீமெந்து மான் இரண்டு. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் போனது. சோளகக் காற்று தொடங்கியதும் புல் வைக்கோலானது. எங்கள் கிணறு சுண்ணாம்புத் தண்ணி, உங்களுக்குத் தெரியும்தானே. மூன்று மாதத்தில் நீரூற்றில் வெள்ளை படிந்து மோட்டர் நின்றுவிட்டது. மான்கள் மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டுப் பெடியனின் பந்து பட்டு அதிலும் ஒன்றுக்குக் கொம்பு இல்லை.

இப்போது அங்கே இருப்பவை: ஒரு கறுத்தக்கொழும்பான் மா, ஒரு முருங்கை, மதிலோரம் ஒரு தேமா, பின்னுக்கு மூன்று பனை. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு நீலத் தண்ணித் தாங்கி. எங்கே இருந்து பார்த்தாலும் அந்த நீலம்தான் முதலில் கண்ணில் குத்துகிறது. காசும் பெரிதாக இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: கொக்குவில் குகன்

மாமரத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் இன்ரர்லொக் கல் பதியுங்கள். நுளம்பும் இல்லை, பாம்பும் இல்லை. காரும் விடலாம்.

பதில்: ஒழுங்கை

குகன் தம்பி குறை நினைக்கக்கூடாது. தங்கச்சி, கல் பதிக்கவேண்டாம். சித்திரை வெயிலில் அந்தப் பக்கம் கால் வைக்க ஏலாது.

நான் கொழும்பில் 30 வருடம் படவரைஞராக இருந்தவன். பெந்தோட்டைக்குப் பக்கத்தில், கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்கா தோட்டத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பூ பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போய் ஏமாந்தேன். பூ என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பச்சை, நிழல், தண்ணீர், அங்கங்கே ஒரு சிலை, ஒரு சாடி, அவ்வளவுதான். இரண்டாம் முறை போனபோதுதான் அந்த மனிதர் என்ன செய்திருக்கிறார் என்று பிடிபட்டது.

1948இல் அவர் அதை வாங்கும்போது அது பழைய றப்பர்த் தோட்டம். அதற்கும் முன், ஒல்லாந்தர் காலத்தில், கறுவாத் தோட்டம். அப்போது அவர் வழக்கறிஞர். தோட்டத்தில் கை வைத்த பிறகுதான் கட்டடக்கலை படிக்கப் போனார். 1957இல் தகுதி பெறும்போது வயது 38. வீட்டுக்குத் தெற்கே ஒரு சின்னக் குன்று இருக்கிறது, கறுவாக் குன்று என்பார்கள். அது மறைத்ததால் பின்னால் இருந்த ஏரி தெரியவில்லை. அவர் குன்றின் தலையைச் சீவி இறக்கிவிட்டார். குன்றின் மேல் ஒரு மரத்தடியில் ஒரு சீனச் சாடி வைத்தார். வீட்டு வாசலில் நின்றால் கண் நேரே அந்தச் சாடிக்குப் போகும், அங்கிருந்து ஏரிக்கு, ஏரிக்கும் அப்பால் தூரத்து விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்துக்கு. விகாரை அவருடையதல்ல, ஆனால் அவருடைய தோட்டத்தின் கடைசி மூலை மாதிரி நிற்கிறது. இடையில் ஊர் ஒழுங்கை ஒன்று குறுக்கே ஓடுகிறது. அதைப் பள்ளத்தில் இறக்கி மறைத்திருக்கிறார். மேலே நிற்கிறவனுக்கு ஒழுங்கை இருப்பதே தெரியாது. (என் பெயருக்குக் காரணமும் அதுதான்.)

சரி, உங்கள் வளவுக்கு வருவோம். நாங்கள் குன்றைச் சீவ முடியாது. கதிரையை மாற்றலாமே! ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னேரம் ஐந்து மணிக்கு வளவெல்லாம் சுற்றுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் இருங்கள். தாங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனைகளைப் பார்க்கிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த மூன்று பனைக்கு நடுவில் பழைய சாடி ஒன்றை வையுங்கள், அல்லது வீட்டில் பாவிக்காத ஆட்டுக்கல். ஒன்றே போதும். ஒரு மாதம் இருந்து பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். தாங்கிப் பக்கம் மாரி தொடங்கும்போது பூவரசங் கதியால் நெருக்கி நடுங்கள், காசு போகாது.

இனித் தேமா. லுணுகங்காவில் தேமாக் கொப்புகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வளர்த்தார்கள். கிழவர்கள் கை ஊன்றிச் சாய்ந்திருப்பது போல இருக்கும். நான் வந்து என் வீட்டு மரத்தில் ஒரு முழுச் செங்கல்லைக் கட்டினேன். மூன்றாம் நாள் "டக்" என்று முறிந்து, பால் வடிந்து, நல்ல சேட்டு ஒன்று கறையோடு போனது. பிறகுதான் முறை பிடிபட்டது. விரல் மொத்தமான இளங்கொப்பாகப் பார்க்க வேண்டும். பழைய சீலையைச் சுற்றி அதன் மேல் கயிறு. ஒரு சின்னப் பையில் இரண்டு கை மண். இரண்டு கிழமைக்கு ஒருமுறை இன்னொரு கை. ஒன்றரை வருடமாகியது, இப்போது அந்தக் கொப்பு என் முழங்கால் உயரத்தில் பூக்கிறது. முறிந்த கொப்பையும் வீசவில்லை. ஒரு கிழமை நிழலில் காயவிட்டு நட்டேன், பிடித்துவிட்டது.

பதில்: செம்பருத்தி (நாகர்கோவில்)

நீங்கள் தேமா என்பதை எங்கள் பக்கம் ஈழத்தலரி என்பார்கள். உங்கள் ஊர்ப் பேரை மரத்துக்கு வைத்திருக்கிறோம், நீங்களோ வேறு பேர் சொல்கிறீர்கள்!

அண்ணன் சொன்னது அழகுதான், ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டார். கதிரையை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், முருங்கைக்கு அடியில் மட்டும் வேண்டாம். மழை விட்டதும் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அடை அடையாக அப்பிக்கொண்டிருக்கும். ஒன்று கழுத்தில் விழுந்தால் அன்றைக்குத் தேநீர் அவ்வளவுதான். அப்புறம் பனைக்கு நடுவில் சாடியா? ஆடி, ஆவணியில் பனம்பழம் விழுந்தால் சாடி என்ன ஆகும்? ஆட்டுக்கல்தான் சரி.

கேட்டவர்: வடலி

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

கதிரையோடு நான்கு பின்னேரம் சுற்றினேன். அம்மா என்னைப் பார்த்து "என்ன, காணி அளக்கிறியோ?" என்றார். கடைசியில் மாமரத்துக்கு மேற்கே, கிணற்றுக் கட்டோடு ஓர் இடம் கிடைத்தது. அங்கே இருந்தால் தாங்கி தேமாவுக்குப் பின்னால் போய்விடுகிறது, ஒரு மூலை மட்டும் நீலமாகத் தெரிகிறது. அந்த மூலைக்காகத்தான் இரண்டு கொப்பில் மண் பை கட்டியிருக்கிறேன். சீலையும் சுற்றினேன் அண்ணை, பயப்படாதீர்கள்.

செம்பருத்தி அக்கா, மூன்று பனையில் இரண்டு ஆண்பனை. பெண்பனை ஓரத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் காவோலை விழும் என்று அம்மா சொன்னதால் ஆட்டுக்கல்லையே வைத்தேன். அதை உருட்டிக்கொண்டு போக மூன்று பேர் தேவைப்பட்டது. குகனும் வந்து கை கொடுத்தார், கல் பதிக்கிற கதையை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.

கூழாங்கல்லை அள்ளிக் கிணற்றடிச் சேற்றுக்குப் போட்டாகிவிட்டது. கொம்பில்லாத மானை அம்மா கத்தரிப் பாத்திக்குள் வெருளியாக நிறுத்தியிருக்கிறார். கிளிகள் அதன் முதுகில்தான் வந்து இருக்கின்றன.