மழை நேரத்தில் வைஃபை போகாமல் இருக்க என்ன வழி?

வேளச்சேரிக்காரன்: நாலு தூறல் விழுந்தாலே எங்கள் தெருவில் கரண்ட் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் இல்லை, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அம்மாவால் முடியாது. ரவுட்டர் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓடவைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) சரிவருமா?

சால்ட்ரிங் பிரியன்: தாராளமாக. அடாப்டரைத் திருப்பிப் பொடி எழுத்தைப் பாருங்கள், 12 வோல்ட் 1 ஆம்பியர் என்பதுபோல் இருக்கும். யுபிஎஸ்ஸிலும் வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் கூட இருந்தால் பாதகமில்லை. யுபிஎஸ்ஸில் பேட்டரி அளவு 8800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது சுமார் 32 வாட் ஹவர். 12 வாட் ரவுட்டருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். நான் ரிச்சி தெருவுக்கு (சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) ரவுட்டரையே பையில் எடுத்துப்போய், யுபிஎஸ் வயரின் முனை பொருந்துகிறதா என்று கடையிலேயே சொருகிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

மாடிவீடு: ஃபைபர் இணைப்பா? சில வீடுகளில் சுவரில் தனியாக ஒரு பெட்டி இருக்கும், அதற்கும் மின்சாரம் வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன், ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது, நெட் மட்டும் வரவேயில்லை.

வேளச்சேரிக்காரன்: ஆமாம், டிவிக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கிறது! அதுவும் 12 வோல்ட்தான். அப்போ இரண்டு அவுட்புட் உள்ளதாக, கொஞ்சம் பெரிசாகவே வாங்குகிறேன். ரொம்ப நன்றி.