மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை: டயருக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: 14 அங்குல ரிம், 185/60 டயர். வெள்ளவத்தைப் பக்கம் பெற்றோல் ஷெட்டில் எப்போதும் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து விடுகிறார்கள். காலி வீதியில் சின்னப் பள்ளத்துக்கும் கார் துள்ளுது. மழையில் பின்பக்கம் வழுக்குது. எவ்வளவு சரி அண்ணாமார்?

பதில் 1: தம்பி, கம்பனி அளவு 26, நான்கு டயருக்கும் ஒன்றுதான். ஒரு டன்னுக்கும் குறைவான கார் இது. 33 அடித்தால் டயரின் நடுப்பகுதிதான் ரோட்டில் கூடுதலாக அழுந்தும். பிடிமானம் குறையும், நடுவும் சீக்கிரம் தேயும். காலையில் வண்டி எடுக்க முன்னம், வெயில் படாத இடத்தில் வைத்து, காற்று அளக்கும் சொந்த கேஜால் பாருங்கள். ஷெட் கேஜை நம்பவே வேண்டாம்.

பதில் 2: ஓடிச் சூடானதும் 3, 4 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அப்போது காற்றை இறக்காதீர்கள், ஆறினதும் அளவு குறைந்துவிடும். கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதைக்கு ஏறினால், ஆறின நிலையில் 28 வையுங்கள். துள்ளுது என்று 24க்குக் கீழே போவது ஆபத்து: தண்ணீரில் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும்.

பதில் 3: டயர் முகத்தில் குறுக்கே சோக்குக் கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூட. ஓரங்களில் மட்டும் என்றால் குறைவு. 26இலும் பின்பக்கம் வழுக்கினால் டயர் தயாரித்த வருடத்தைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் தயாரிப்புத் திகதியாக உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டும் வருடம். ரப்பர் இறுகியிருந்தால் எந்த அளவு காற்றும் உதவாது.