உதவி: ராடர் மொடல் 97% சரி என்கிறது, வீட்டில் வைத்தால் எல்லாமே ‘விழுந்தார்’

முத்தையன்கட்டு_தம்பி:
அண்ணாமார், அக்காமார், அவசரம். இறுதியாண்டு புரொஜெக்டுக்கு ராடரையும் மெஷின் லேர்னிங்கையும் வைத்து ஆட்களின் அசைவைக் கண்டுபிடிக்கிறேன். நடத்தல், இருத்தல் (உட்காருதல்), எழும்புதல், குனிதல், விழுதல் என்று 5 வகை. கேம்பஸ் ஹொஸ்டலில் 97% சரியாக வந்தது. வீட்டில் வைத்தால் சும்மா சும்மா ‘விழுந்தார்’ என்று அலாரம் அடிக்கிறது. நேற்று மட்டும் 11 தரம். வியாழக்கிழமை சேருக்குக் காட்ட வேண்டும். மொடலை மாற்றவா?

வயல்வரப்பு:
எந்த ராடர்? எத்தனை கிகாஹேர்ட்ஸ்? எந்த உயரத்தில் பூட்டியிருக்கிறீர்கள்? எத்தனை பேரைப் பதிந்தீர்கள்? ஒன்றும் சொல்லாமல் எப்படித் தம்பி பதில் சொல்வது?

பாலைமரம்:
நான் கரண்டைத்தான் சந்தேகிக்கிறேன். லப்டொப்பின் யூஎஸ்பியில் இருந்து கொடுத்தால் இந்த போர்டுகளுக்குச் சில நேரம் போதாது. எங்கள் பக்கம் பின்னேரத்தில் லைட் மங்கி மங்கி எரியும், அந்த நேரம் எந்தக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யாது. முதலில் நல்ல 5 வோல்ட் அடப்டர் ஒன்று போட்டுப் பாருங்கள்.

சிக்னல்_மூத்தவர்:
ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி. டொப்ளர், அதாவது அசைகிற பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவது, என்றால் என்ன என்று தெரியாமல் நியூரல் நெட்வேர்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கிம், லிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009இலேயே ராடரால் 12 பேரை வைத்து 7 அசைவுகளைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்களிடம் இருந்தது எஸ்.வி.எம். என்ற பழைய வகைபிரிக்கும் முறை மட்டும்தான். அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

முத்தையன்கட்டு_தம்பி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 60 கிகாஹேர்ட்ஸ், ஐ.டபிள்யூ.ஆர். 6843 போர்ட். கைகால் அசைவில் வரும் மைக்ரோ டொப்ளரைப் படமாக்கி, படங்களை வகைபிரிக்கும் நியூரல் நெட்வேர்க்கான சி.என்.என்.னுக்குக் கொடுக்கிறேன். ராடர் அனுப்பும் ஒரு சிர்ப்புக்கும் (அலைத் துடிப்பு) அடுத்ததுக்கும் இடைவெளி 1 மில்லிசெக்கன். அடப்டர் தனியாகத்தான் இருக்கிறது, பாலைமரம் அண்ணா.

கனகராயன்_கரை:
1 மில்லிசெக்கனா? அங்கேயே ஒரு பிழை இருக்கிறது. 60 கிகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் 5 மில்லிமீற்றர். அதை இடைவெளியின் 4 மடங்கால் வகுத்துப் பாருங்கள், செக்கனுக்கு 1.25 மீற்றர் வரும். உங்கள் ராடர் குழப்பமில்லாமல் அளக்கக்கூடிய வேகம் அவ்வளவுதான். நடக்கும்போது வீசுகிற காலே அதைத் தாண்டும், விழுகிற உடம்பைக் கேட்கவே வேண்டாம். தாண்டிய வேகம் படத்தின் மறுபக்கத்தில் மடிந்து வந்து நிற்கும், கிட்ட வருகிறவர் விலகிப் போகிறவர்போல் தெரிவார். இடைவெளியை 0.25 மில்லிசெக்கனுக்குக் குறைத்தால் செக்கனுக்கு 5 மீற்றர் வரை அளக்கலாம். ஆனால் பழைய தரவு உதவாது, திரும்பப் பதிய வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் சீலிங் ஃபேன் ஓடுகிறதா?

முத்தையன்கட்டு_தம்பி:
ஓடுகிறது அண்ணா. இந்த வெயிலுக்கு நிற்பாட்ட ஏலாது. ஹொஸ்டலில் பதிந்தபோது ஃபேன் இல்லை.

கனகராயன்_கரை:
1.2 மீற்றர் விட்டமுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 300 தரம் சுற்றினால் அலகின் நுனி செக்கனுக்கு ஏறக்குறைய 19 மீற்றரில் போகும். உங்கள் 1.25க்குள் அது திரும்பத் திரும்ப மடிந்து படம் முழுக்கச் சாம்பல் தூவியதுபோல் கிடக்கும். ஃபேனை நிற்பாட்டி ஒரு பதிவு, ஓடவிட்டு ஒரு பதிவு எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மருதோடை:
கூரை தகரமா ஓடா? தகரம் என்றால் அலை அங்கே பட்டு, இங்கே பட்டு ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் தெரிவார். தூரத்தை வைத்து அறைக்கு வெளியே தெரிவதை வெட்டிவிடுங்கள். அப்புறம், அசையாத பொருட்களைக் கழிக்கும் ஃபில்டரும் போடுங்கள், சுவரும் அலுமாரியும் மறைந்துவிடும்.

வயல்வரப்பு:
அந்த ஃபில்டரைக் கவனமாகப் போடுங்கள். விழுந்து அசையாமல் கிடக்கிற மனிதரையும் அது சுவரோடு சேர்த்துக் கழித்துவிடும். யாருக்காக இதைச் செய்கிறோமோ அவரே படத்தில் இருக்கமாட்டார்.

மருதோடை:
மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கும் அல்லவா? 5 மில்லிமீற்றர் அலைக்கு அது பெரிய அசைவு. கழிபடாது.

வயல்வரப்பு:
2 செக்கன் சராசரியைக் கழித்தால் மூச்சில் ஒரு பகுதியும் அதோடு போய்விடலாம். நீண்ட நேரச் சராசரி எடுத்தால் நீங்கள் சொல்வது சரி.

தேன்பாளை:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒரு கெமரா வைத்தால் முடிந்தது.

ஓலைக்குடில்:
வயதான பெண் உடுப்பு மாற்றும் அறையில் கெமராவா? எங்கள் அம்மாவுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ராடர் முகத்தைப் பார்க்காது, இருட்டிலும் வேலை செய்யும். ஆனால் தம்பி, சுவரில் பெட்டி ஒன்று பூட்டினால் இங்கே சனம் என்ன நினைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேவு பார்க்கிற சாமான் என்று பயப்படுவார்கள். வீட்டாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் விளக்கிச் சொல்லுங்கள், யாரைக் கவனிக்கிறதோ அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்_விவசாயி:
இதை வைத்து வயலுக்கு யானை வருவதை முன்கூட்டியே அறிய முடியுமா? போன கிழமையும் வரப்பெல்லாம் மிதித்துவிட்டுப் போய்விட்டது.

சிக்னல்_மூத்தவர்:
யானைக்கு வேறு இழை திறக்கவும். தம்பி, 97% எப்படி வந்தது? தரவை எப்படிப் பிரித்தீர்கள்? அதை இங்கே யாருமே கேட்கவில்லை.

முத்தையன்கட்டு_தம்பி:
4 நண்பர்கள், ஒரே அறை, 2 நாள். 2 செக்கன் துண்டுகளாக வெட்டினேன், ஒரு துண்டும் அடுத்ததும் 1.5 செக்கன் ஒன்றின்மேல் ஒன்று வரும். பிறகு எல்லாவற்றையும் கலக்கி 80% பயிற்சிக்கு, 20% சோதனைக்கு.

சிக்னல்_மூத்தவர்:
எதிர்பார்த்தேன். ஒரே நடையின் முக்கால் பங்கு பயிற்சியிலும் இருக்கிறது, சோதனையிலும் இருக்கிறது. பரீட்சைத் தாளை முதல்நாளே கொடுத்துவிட்டு 97 புள்ளி என்று சந்தோஷப்படுவதைப்போல. இது முதலாம் வருடப் பாடம்.

இரணைமடு_நீர்:
அண்ணை, சொல்வது சரி, அதை மரியாதையாகச் சொல்லலாம். அந்தப் பிழையைச் செய்யாதவர் இந்தத் துறையில் குறைவு, நானும் செய்திருக்கிறேன். தம்பி, 3 பேரில் பயிற்சி, 4வது ஆளில் சோதனை, அதை 4 தரம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வருகிற எண் குறைவாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மையானது.

நான் கேட்க நினைத்தது வேறு. வீட்டில் யார் நடக்கிறார்கள்?

முத்தையன்கட்டு_தம்பி:
அம்மம்மா. 78 வயது. பொல்லு ஊன்றித்தான் நடப்பா.

இரணைமடு_நீர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உங்கள் 4 பேரும் 23 வயதுப் பொடியன்கள். அவர்கள் ‘இருந்தது’ பிளாஸ்டிக் கதிரையில்தானே? அம்மம்மா எங்கே இருக்கிறா? பாயிலா?

முத்தையன்கட்டு_தம்பி:
பாயில்தான். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவா, கடைசிச் சாணுக்குப் பொத்தென்று இருந்துவிடுவா. நீங்கள் கேட்ட பிறகு அலாரம் அடித்த நேரங்களைப் பார்த்தேன். 11இல் 8 அவ பாயில் இருந்த நேரம்.

இரணைமடு_நீர்:
நிலம்வரை போய் முடிகிற அசைவு உங்கள் மொடலுக்கு ஒன்றுதான் தெரியும், விழுதல். கதிரையில் இருப்பவர் முழங்கால் உயரத்தில் நின்றுவிடுவார். எங்கள் வீடுகளில் நிலத்தில் இருந்துதான் அரிசி புடைப்பது, வெற்றிலை போடுவது, சாப்பிடுவது. வெளிநாட்டுத் தரவில் பழகிய மொடலும் இதில் தடுமாறும். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட தரவில் முதியோர் பதிவுகள் உண்டு, ஆனால் அது 5.8 கிகாஹேர்ட்ஸ். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்துக்கு டொப்ளர் மாற்றம் அங்கே 39 ஹேர்ட்ஸ், உங்களிடம் 400. அப்படியே எடுத்துப் போட முடியாது.

‘பாயில் இருத்தல்’ என்று 6ஆவது வகை ஒன்று சேருங்கள். ஊரில் வயதானவர்கள் சிலரைக் கேட்டு, இருந்து எழும்புவதைப் பதியுங்கள். விழச் சொல்லாதீர்கள், அதற்கு நண்பர்கள் மெத்தை போட்டு விழட்டும். செயற்கைக் கால் போட்டவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு காலும் ஒரே மாதிரி வீசும் நடையை மட்டும் பார்த்த மொடல் அவர்களை எந்த வகையில் போடும்? அவர்கள் இல்லாத தரவை வைத்து வன்னியில் இது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

ஓலைக்குடில்:
என் சித்தப்பா வருவார், கேட்டுச் சொல்கிறேன். 1 கால் இல்லை, ஆனால் வயலுக்கு நடந்தே போவார்.

பாலைமரம்:
எதற்கும் அடப்டரையும் ஒருக்கால் மாற்றிப் பாருங்கள்.

முத்தையன்கட்டு_தம்பி:
(4 நாள் கழித்து) ஆள் மாற்றிச் சோதித்தேன், 97 இல்லை, 68 வந்தது. சேருக்கு அதையே காட்டினேன், ஏன் என்றும் சொன்னேன், 3 கிழமை தந்திருக்கிறார். இடைவெளி 0.25 ஆக்கிவிட்டேன். அம்மம்மாவிடம் கேட்டேன், “நான் விழுந்தா உனக்குத் தெரியவேணும்தானே, வை” என்றா. 40 தரம் பாயில் இருந்து எழும்பிக் காட்டினா, இடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு. நேற்று பிழை அலாரம் 3. ஓலைக்குடில் அக்கா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

வயல்வரப்பு:
நல்லது தம்பி. எந்த உயரத்தில் பூட்டியிருக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை. மிக உயரத்தில் என்றால் பாய் ராடரின் பார்வைக்குக் கீழே போயிருக்கும்.

ஒட்டுசுட்டான்_விவசாயி:
யானைக்கு இழை திறந்துவிட்டேன், தெரிந்தவர்கள் வாருங்கள்.