1 டாலர் 39 சென்ட்

குழு: கீழத்தெரு குடும்பம்

முரளி: [படம்]

முரளி: பெரியப்பா, இது எந்த ஸ்டேஷன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பெரியப்பா: பெரிய தோசைக்கல்லைப் பாதியாக வெட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி முகப்பு. உங்கள் ஊர் சின்சினாட்டி யூனியன் டெர்மினல்தானே? 1933 இல் திறந்தது. போன வருடமே அனுப்பினாய்.

முரளி: அதேதான். இப்போது உள்ளே மியூசியம். பையனுக்குப் பள்ளியில் ஊர் வரலாறு எழுதிவரச் சொன்னார்கள், அதற்காக வந்தோம். ஆனால் நான் சொல்ல வந்தது ஸ்டேஷன் கதை இல்லை. ஸ்டேஷன் வருவதற்கு அறுபது வருடத்துக்கு மேல் முந்தி இந்த இடத்தை ஒட்டி ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. யூனியன் கிரவுண்ட்ஸ். ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி 1869 இல் இங்கேதான் ஆடியது. சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ்.

வசந்தி அத்தை: அங்கே குளிர் எப்படி இருக்கிறது? படத்தில் பையன் காதை மூடவே இல்லையே.

தினேஷ்: பேஸ்பாலா? ஸ்டம்ப் வாங்கக் காசில்லாதவன் கண்டுபிடித்த கிரிக்கெட்.

முரளி: அந்த அணியை உருவாக்கியவரே கிரிக்கெட்காரர்தான்டா. ஹாரி ரைட். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் பிறந்தவர். அவர் அப்பா நியூயார்க்கில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்குச் சம்பள ஆட்டக்காரர். 1865 இல் சின்சினாட்டியின் யூனியன் கிரிக்கெட் கிளப் வருடம் 1,200 டாலருக்கு ஹாரியை வரவழைத்தது. வந்தது பந்து போடவும் பயிற்சி கொடுக்கவும். இரண்டு வருடத்தில் ஊர் பேஸ்பால் பக்கம் சாய்ந்துவிட்டது, அவரும் சாய்ந்துவிட்டார்.

தினேஷ்: துரோகி.

முரளி: மைதானமே கிரிக்கெட் கிளப்புடையது. பேஸ்பால் கிளப் 1867 இல் அங்கே பங்குக்கு வந்தது. சுற்றிலும் பலகை வேலி, அதனால் வாசலில் டிக்கெட் வாங்காமல் உள்ளே போக முடியாது. உட்கார்ந்து பார்க்க ஒரு மரக் கட்டடம், அதற்கு கிராண்ட் டச்சஸ் என்று பெயர், சீமாட்டி மாதிரி. குளிர்காலத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்து அதன் மேலேயே சறுக்கி விளையாடுவார்கள்.

சுதா: ஒரே தரை, கோடையில் ஒரு வசூல், குளிரில் ஒரு வசூல். கெட்டிக்காரர்கள்.

பெரியப்பா: சம்பளம் எவ்வளவு? ஆள்வாரியாகச் சொல்.

சுதா: ஆரம்பித்துவிட்டார். ரயில்வே அக்கவுண்ட்ஸில் 34 வருடம். முரளி, தப்பிக்க முடியாது உன்னால்.

முரளி: சொல்கிறேன் பெரியப்பா. ஹாரியின் தம்பி ஜார்ஜ் ரைட் 1,400. ஹாரி 1,200. பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஏசா பிரைனார்டு 1,100. மூன்றாம் பேஸில் (பேஸ் என்றால் ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்) நின்ற வாட்டர்மேன் 1,000. கோல்ட், அலிசன், ஸ்வீஸி, லெனார்டு, மெக்வே ஐந்து பேருக்கும் தலைக்கு 800. மாற்று ஆட்டக்காரர் ஹர்லி 600. மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை, எட்டு மாதத்துக்கு.

பெரியப்பா: 9,300. பயிற்சியாளரை விடத் தம்பிக்கு அதிகமா?

முரளி: தம்பிதான் நட்சத்திரம். ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர். அந்தக் காலத்தில் யாரும் கையுறை போடுவதில்லை, எல்லாம் வெறும் கைதான். பிட்சர் தோளுக்கு மேலே கை சுழற்றக் கூடாது, கீழிருந்துதான் எறிய வேண்டும். அதனால் ரன் கொட்டும். அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் 45-9 என்று ஜெயித்தார்கள்.

வசந்தி அத்தை: வெறும் கையால் பிடித்தால் விரல் என்னத்துக்கு ஆகும்?

முரளி: கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி, அலிசன் கை வீங்கிப்போய் 1870 இல் தோலால் ஒரு கையுறை தைத்துப் போட்டுக்கொண்டார் அத்தை. கையுறை வரலாறு அங்கே தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு.

தினேஷ்: சரி, இதற்கு முன்னால் எல்லோரும் சும்மாவா ஆடினார்கள்?

முரளி: சட்டப்படி சும்மா. காசு வாங்கி ஆடக் கூடாது என்று பேஸ்பால் சங்கம் தடை போட்டிருந்தது. நடைமுறையில் கவரில் போகும், இல்லாவிட்டால் ஏதாவது ஆபீஸில் பெயருக்கு ஒரு வேலை. 1869 சீசனுக்குத்தான் சம்பள அணிகளுக்கு அனுமதி வந்தது. சின்சினாட்டி கிளப்பின் தலைவர் ஏரன் சாம்பியன் என்ற வக்கீல். மறைத்துச் செய்வதைப் பகிரங்கமாகவே செய்வோம் என்று இறங்கிவிட்டார்.

சுதா: சாம்பியன் என்பது பெயரா! அணி ஜெயிக்காமல் என்ன செய்யும்?

முரளி: அக்கா, அந்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 57 ஜெயம். ஒன்றே ஒன்று இழுபறி, ஆகஸ்ட் 26 அன்று ட்ராய் ஊர் அணியோடு 17-17. ஒரு கேட்சை அம்பயர் ஒப்புக்கொள்ளவில்லை என்று ட்ராய்காரர்கள் பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் பக்கம் பெரிய பந்தயப் பணம் இருந்தது, தோற்றால் போய்விடும் என்பதால்தான் நடையைக் கட்டினார்கள் என்று பேச்சு. ஆட்டம் சின்சினாட்டிக்கே என்று அம்பயர் சொன்னார், ஆனாலும் பலர் அதை டிரா என்றே எழுதுகிறார்கள்.

தினேஷ்: எங்கள் தெரு மேட்ச் மாதிரியே இருக்கிறது. பேட் வைத்திருப்பவன் அவுட்டானால் பேட்டோடு வீட்டுக்குப் போய்விடுவான்.

பெரியப்பா: எந்த ரயிலில் போனார்கள்?

முரளி: உங்களுக்காகத்தான் இதை எடுத்து வைத்திருந்தேன். 1869 மே 10 அன்றுதான் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பரில் இந்த அணி மேற்கே ரயிலேறி சான்பிரான்சிஸ்கோ வரை போய் ஆடியது. அந்த ஒரு சீசனில் ஏறக்குறைய 12,000 மைல்.

பெரியப்பா: நிலக்கரி எஞ்சின், மரப் பெட்டி. கண்ணில் கரித்தூள் விழுந்த மறுநாள் பந்தைப் பார்த்து அடித்திருக்கிறான்கள் என்றால் சம்பளம் குறைவுதான்.

வசந்தி அத்தை: சிவப்பு ஸ்டாக்கிங்ஸ் என்றால் காலுறையா? ஆம்பிளைகள் சிவப்புக் காலுறை போட்டா ஆடினார்கள்?

முரளி: அதுவரை எல்லா அணியும் நீளக் கால்சட்டைதான் அத்தை. இவர்கள் முழங்காலோடு நிற்கும் கால்சட்டை தைத்துப் போட்டார்கள், கீழே முழுக்கச் சிவப்பு தெரியும். ஜூன் மாதம் கிழக்கே நியூயார்க் எல்லாம் போய் ஜெயித்து, வாஷிங்டனில் ஜனாதிபதி கிரான்ட்டையும் பார்த்துவிட்டு வந்தபோது ஊரே திரண்டு நின்றது. மர வியாபாரிகள் 27 அடி நீளத்தில் ஒரு மட்டை செய்து, ஆட்டக்காரர்கள் பெயரை எழுதிப் பரிசாகக் கொடுத்தார்கள்.

சுதா: 27 அடி மட்டையை எங்கே வைப்பது? நம் வீட்டில் ஏணி வைக்கவே இடமில்லை.

பெரியப்பா: முரளி, வரவு செலவு.

முரளி: இதோ பெரியப்பா. 1869 சீசன் வரவு 29,726 டாலர் 26 சென்ட். சம்பளம், செலவு எல்லாம் சேர்த்து 29,724 டாலர் 87 சென்ட்.

பெரியப்பா: மிச்சம் 1.39.

பெரியப்பா: ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், நாடு முழுக்கச் சுற்றி, 1 டாலர் 39 சென்ட்.

பெரியப்பா: 9,300 போனால் மீதி 20,424 டாலர் 87 சென்ட் வேறு செலவு. சம்பளத்தைப் போல இரண்டு பங்குக்கு மேல். டிக்கெட்டும் ஓட்டல் பில்லும்தான் தின்றிருக்கும்.

தினேஷ்: பெரியப்பா, இந்தக் கணக்கை நீங்கள் தணிக்கை செய்திருந்தால் 1.39 கூட மிஞ்சியிருக்காது.

சுதா: அப்புறம் எப்போதுதான் தோற்றார்கள்?

முரளி: 1870 ஜூன் 14, புரூக்ளினில், அட்லாண்டிக்ஸ் அணியிடம். அதுவரை தொடர்ச்சியாக 81 ஜெயம். எந்தெந்த ஆட்டத்தைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இந்த எண் கூடும் குறையும். அன்றைக்கு ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5. அட்லாண்டிக்ஸ்காரர்கள் டிராவுக்குத் தயார். புறப்படவே ஆரம்பித்துவிட்டார்கள், கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

தினேஷ்: டிரா வாங்கியிருந்தால் தோல்வியே இல்லை!

முரளி: ஹாரி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு கேப்டனும் சம்மதித்தால் ஒழிய ஆட்டம் தொடர வேண்டும் என்பது விதி, ஆடித்தான் ஆக வேண்டும் என்று நின்றார். பதினோராவது இன்னிங்ஸில் இவர்கள் முதலில் ஆடி 2 ரன் எடுத்தார்கள். 7-5. முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அட்லாண்டிக்ஸ் திருப்பி 3 எடுத்தது. அவர்கள் கேப்டன் ஃபெர்குசன், பந்து ஜார்ஜ் ரைட் பக்கம் போய்விடக் கூடாது என்று இடது கைப் பக்கம் திரும்பி நின்று அடித்தார் என்றால் பார்த்துக்கொள். கடைசி ரன் முதல் பேஸில் நின்ற கோல்ட் பக்கம் நடந்த பிசகில் வந்தது. 8-7.

முரளி: சம்பளப் பட்டியலில் இருந்த பத்துப் பேரில் சின்சினாட்டியில் பிறந்தவர் அந்த கோல்ட் ஒருவர்தான்.

வசந்தி அத்தை: ஐயோ பாவம். ஊர்ப்பிள்ளைக்கா அது நடக்க வேண்டும்.

தினேஷ்: நான் கேப்டனாக இருந்தால் டிராவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

சுதா: அதனால்தான் உன்னை யாரும் கேப்டனாக்கவில்லை.

முரளி: அந்த வருடம் மொத்தமே ஆறு தோல்விதான். ஆனால் கூட்டம் குறைந்தது. தோற்காத அணியைப் பார்க்க வந்த ஜனம், தோற்கக்கூடிய அணியைப் பார்க்க வரவில்லை. நவம்பரில், அடுத்த வருடம் சம்பள அணி கிடையாது என்று கிளப் நிர்வாகம் அறிவித்துவிட்டது. ஹாரி பாஸ்டனுக்குப் போனார். தம்பி, கோல்ட், மெக்வே மூவரும் கூடவே. மிச்சப் பேரில் பலர் வாஷிங்டன் போனார்கள். ஹாரி ஆட்களை மட்டுமா கொண்டுபோனார், பெயரையும் கொண்டுபோய்விட்டார். பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ். 1872 முதல் 1875 வரை நான்கு முறை அவர்களே முதலிடம்.

தினேஷ்: அப்படியானால் இப்போது இருக்கும் சின்சினாட்டி ரெட்ஸ்?

முரளி: வேறு கிளப். 1882 இல் ஆடத் தொடங்கியது. ஹாரியின் பாஸ்டன் கிளப்தான் பெயரும் ஊரும் மாறி மாறி, மில்வாக்கி வழியாக இப்போது அட்லாண்டா பிரேவ்ஸ். ஆனால் இங்கே போய்ச் சொல்லிப் பார். 2019 இல் ரெட்ஸ் அணி 150ஆம் ஆண்டு விழாவே கொண்டாடியது, பழைய சீருடை எல்லாம் போட்டு. என் ஆபீஸில் இந்த வாதத்தை எடுத்தேன். ஒருவர் ஒரு வாரம் என்னோடு காபிக்கு வரவில்லை.

சுதா: பூர்வீக வீட்டை விற்றுவிட்டுப் போனவன் வாரிசா, அதே தெருவில் வேறு வீடு கட்டியவன் வாரிசா. நம் குடும்பத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

வசந்தி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: அத்தை, நான் படித்துவிட்டேன்.

பெரியப்பா: மைதானம் என்ன ஆனது?

முரளி: பலகைகளைப் பிரித்து விற்றுவிட்டார்கள். ஒரு ஆணிகூட மிச்சம் இல்லை. இப்போது நாங்கள் நின்ற இடத்தில் நீரூற்று, புல், கார் நிறுத்துமிடம். பையன் அங்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிக் காட்டினான், இதுதான் முதல் பேஸ் என்று. எதை வைத்துச் சொன்னான் என்று தெரியாது, நானும் திருத்தவில்லை.

பெரியப்பா: ரயில் இன்னும் வருகிறதா அந்த ஸ்டேஷனுக்கு?

முரளி: வாரத்துக்கு மூன்று நாள். நியூயார்க்கிலிருந்து சிகாகோ போகும் கார்டினல். அதுவும் நடுராத்திரிக்கு மேல்.

பெரியப்பா: அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வாரம் மூன்று வண்டியா. மின்சாரச் செலவுக்குக் கட்டாது.

வசந்தி அத்தை: அண்ணா, மணி பதினொன்று. மாத்திரை போட்டீர்களா?

பெரியப்பா: போட்டாயிற்று.

பெரியப்பா: முரளி, தூங்கிவிட்டாயா? அந்த 1.39 ஐ 1870 கணக்கில் ஓப்பனிங் பேலன்ஸாகக் காட்டியிருக்கிறார்களா என்று பார்.